பற்றட்டையும் பல நாட்டு வழக்கும்

(மன்றத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்றைய பேச்சுக்குப் பொருள் யாது எனக் காரியதரிசி அவர்கள் கேட்டபொழுது, "பற்றைப் பற்றிப் பேசுவோம்" என்றோம். அவர் மிக மகிழ்ந்து, பற்றறுத்தல் குறித்து ஒரு சமயச் சொற்பொழிவு கிடைக்கப்போகின்றது என எண்ணி அறிவித்தலும் எழுதத் தொடங்கிவிட்டார். நாம் கருதிய பற்றோ வேறு. அது கணக்கேட்டில் வரவுக்கு எதிரே நிற்கும் பற்று. கடையிற் பொருள் வாங்கியவுடன் எமது வங்கிக் கணக்கிலிருந்து பணத்தைக் கழிக்கும் பற்றட்டையும், நாம் அருகில் நில்லாமலே பிறர் எமது கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்ளும் நேரடிப் பற்றும் நாட்டுக்கு நாடு எவ்வாறு வேறுபடுகின்றன என்பதே எமது பொருள். ஆயினும் காரியதரிசி அவர்கள் எண்ணிய பொருளுக்கும் இதற்கும் சிறிது உறவு உண்டு என்பதைப் பேச்சின் முடிவில் அவரே ஒப்புக்கொள்வார் என நம்புகின்றோம்.

இப்பொருளை ஏன் எடுத்தோம்? இம்மண்டபத்தில் அமர்ந்திருப்போருள் இலண்டனிலோ, பாரிசிலோ, ஜேர்மனியிலோ, கனடாவிலோ ஓர் உறவினர் இல்லாதவர் அரியர். எமது வயதொத்த இளைஞர் பலர் படிப்புக்கும் தொழிலுக்குமாகப் புறப்பட்ட வண்ணம் இருக்கின்றனர். போகின்றவருக்குக் குளிருக்கு ஏற்ற உடுப்பைச் சொல்லி அனுப்புகின்றோம். மிளகாய்த்தூளும் கட்டிக் கொடுக்கின்றோம். அங்கே இறங்கிய முதற் கிழமையில் அவர் கையில் ஓர் அட்டையும், கையொப்பமிடுமாறு ஒரு படிவமும் வந்து சேரும். அவற்றின் பொருளை எவரும் சொல்லி அனுப்புவதில்லை. எமது வீட்டிலும் அவ்வாறே நடந்தது.

எம் தமையனார் மேற்படிப்புக்காக ஜேர்மனி சென்றார். முதல் மாதத்தில் ஒரு கடையில் போர்வையும் சமையற் பாத்திரங்களும் வாங்கினார். அட்டையை இயந்திரத்தில் இட்டபொழுது அது இரகசிய இலக்கத்தைக் கேட்கவில்லை, ஒரு சிட்டை வெளிவந்தது, அதிற் கையொப்பமிடச் சொன்னார்கள், இட்டார். வேறொரு கடையில் அதே அட்டைக்கு இரகசிய இலக்கம் கேட்டார்கள், அழுத்தினார். இரண்டும் ஒன்றே என நினைத்துக்கொண்டார். வீட்டிலிருந்து போக வேண்டிய பணமோ சில நாள் தாமதமாயிற்று. இடையில் அறை வாடகையும் கணக்கிலிருந்து போய்விட்டது. இரண்டு கிழமைக்குப் பின்னர் போர்வை வாங்கிய கடையின் சார்பில் ஒரு கடிதம் வந்தது. பணம் வந்து சேரவில்லை என்றும், விலையோடு மேலதிகக் கட்டணமும் சேர்த்துச் செலுத்த வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது.

அன்றிரவு அவர் தொலைபேசியிற் சொன்னதை எம் தந்தையாரால் நம்ப முடியவில்லை.

"தம்பி, காட் போட்டுத்தானே சாமான் வாங்கினனீ? கடைக்காரனும் சாமானைத் தந்திட்டான். பிறகென்ன கடன்?"

"அப்பா, எனக்கும் அதுதான் விளங்கேல்லை."

கடன் என்ற சொல்லை வீட்டுப் படலைக்குள் வரவிடாமல் வாழ்ந்தவர் எம் தந்தையார். கடிதத்தில் இருந்த தொகை பெரிதன்று. ஆயினும் தம் மகன் அந்நிய நாட்டிற் கடன்காரன் என எழுதப்பட்டுவிட்டான் என்ற எண்ணம் அவரை இரண்டு இரவுகள் உறங்கவிடவில்லை. "இது என்னடாப்பா வழக்கு?" என்று அவர் எம்மைக் கேட்டார். அவருக்கு விடை சொல்வதற்காகவே நாம் இப்பொருளைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

முதலிற் பற்று என்னும் சொல்லைத் தெளிவுபடுத்துவோம். நாம் கற்ற மிஷன் பாடசாலையிற் கணக்குப் பதிவியல் கற்பித்த ஆசிரியர், வங்கியிற் பணம் வைத்திருப்பதாகச் சொல்லும் மாணவனை விடமாட்டார். "நீ வங்கியிற் பணம் வைத்திருக்கவில்லை, வங்கி உனக்குக் கடன்பட்டிருக்கின்றது" என்று திருத்துவார். அஃது உண்மையே. நாம் வைப்பிலிட்ட பணம் வங்கியின் ஏட்டில் வங்கி எமக்குத் தரவேண்டிய கடனாக வரவுப் பக்கத்தில் நிற்கின்றது. அக்கடனைக் குறைக்கும் பதிவே பற்று. ஆகவே பற்றட்டை என்பது வங்கி எமக்குத் தரவேண்டியதிலிருந்து கழிக்கச் சொல்லும் அட்டை. கொடுகடன் அட்டையோ, வங்கி தன் பணத்தை முற்பணமாகக் கடைக்காரருக்குக் கொடுத்துப் பின்னர் எம்மிடம் கேட்கும் அட்டை.

அடுத்ததாக, பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்குப் போவதற்கு இரண்டு வழிகளே உண்டு. ஒன்று தள்ளுதல், மற்றது இழுத்தல். எமது சந்திக் கடையிற் கொப்பி வைத்துச் சாமான் வாங்கும் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். மாத முடிவிற் கடைக்காரர் கூட்டித் தொகை சொல்வார். நாம் பணத்தை எண்ணிக் கொண்டுபோய்க் கொடுப்போம். இது தள்ளுதல். "ஒவ்வொரு மாதமும் இன்ன திகதியில் இன்ன தொகையை இவருக்கு அனுப்புக" என எமது வங்கிக்கு நாம் இடும் நிலையியற் கட்டளையும் தள்ளுதலே. தொகையையும் திகதியையும் நாமே குறிக்கின்றோம்.

அவ்வாறன்றி, வீட்டுப் பணப்பெட்டியின் திறப்பொன்றைக் கடைக்காரரிடம் கொடுத்து, "மாதமாதம் வந்து கணக்கின்படி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் அஃது இழுத்தல். நேரடிப் பற்று இத்தகையது. மின்சாரக் கட்டணம் ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் குறையும்; நாம் மறந்தாலும் அவர்கள் மறவார்கள்; அபராதம் இல்லை; வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வசதி பெரிது. ஆனால் திறப்புப் பிறர் கையில் இருக்கின்றது. அவர் பிழையாகக் கூட எடுத்துவிட்டால் என்ன செய்வது? இவ்வொரு கேள்விக்கு ஒவ்வொரு நாடும் சொல்லும் விடையே அந்நாட்டுக் கொடுப்பனவு முறையின் உயிர்.

ஜேர்மனியை முதலில் எடுத்துக்கொள்வோம். 1960-ம் ஆண்டுகளிற் கூலியும் சம்பளமும் கடிதவுறையிற் கொடுபடாது வங்கிக் கணக்குக்குச் செல்லத் தொடங்கிய காலத்தில், அந்நாட்டு வங்கிகள் நேரடிப் பற்றையும் பரப்பின. பணத்தை ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் பழக்கம் அங்கே பழையது. தபாற் கந்தோர்கள் 1909-ம் ஆண்டிலேயே அச்சேவையைத் தொடங்கியிருந்தன. 1960-ம் ஆண்டுகளின் இறுதியில் யூரோசெக் என்னும் காசோலை முறை எழுந்தது. காசோலையோடு காட்டிய அட்டை, குறித்த தொகைவரை வங்கி பொறுப்பேற்கும் என்பதற்குச் சான்றாயிற்று. அப்பொறுப்பு 2001-ம் ஆண்டின் முடிவில் நிறுத்தப்பட்டது. அந்த அட்டையின் வழிவந்ததே 2007-ம் ஆண்டு முதல் கிரோகாட் எனப் பெயர் பெற்ற இன்றைய ஜேர்மன் பற்றட்டை.

இந்த அட்டையைக் கடைக்காரர் இரண்டு வகையாகப் பயன்படுத்தலாம். இரகசிய இலக்கத்தைக் கேட்டால், இயந்திரம் வங்கியோடு பேசிப் பணம் உண்டா என அறிந்து கொள்கின்றது. வங்கி கடைக்காரருக்கு உறுதி அளிக்கின்றது. அவ்வுறுதிக்குக் கடைக்காரர் சிறு கட்டணம் செலுத்த வேண்டும். அதனைச் சேமிக்க விரும்பும் கடைக்காரர், அட்டையிலிருந்து கணக்கு இலக்கத்தை மாத்திரம் வாசித்து, கையொப்பச் சிட்டையை நேரடிப் பற்றுக்கான அதிகாரமாக எழுதி வாங்கிக்கொள்கின்றார். அப்பொழுது கைமாறுவது பணமன்று. பணத்தைப் பின்னர் இழுத்துக்கொள்ளும் அனுமதியே. சில நாளின் பின் அவர் இழுக்கும்போது கணக்கிற் பணம் இல்லையாயின் வெறுங்கையோடு திரும்புவார். திரும்பிய செலவையும் எம்மிடமே கேட்பார்.

எம் தந்தையாரின் கேள்விக்கு விடை இதுவே. தமையனார் அட்டையால் வாங்கினார் என்பது உண்மை. ஆனால் அன்று அவர் கொடுத்தது திகதியிடாத காசோலை போன்றதொன்று. ஒரே அட்டை, ஒரே தெரு, இரண்டு கடை. சட்டத்தின் கண்ணில் அவை இரு வேறு கொடுப்பனவுகள்.

இன்று ஜேர்மனி மட்டுமன்றி ஐரோப்பாவில் முப்பதுக்கு மேற்பட்ட நாடுகள் செப்பா எனப்படும் ஒரே கொடுப்பனவு எல்லைக்குள் நிற்கின்றன. அதன் நேரடிப் பற்று 2009-ம் ஆண்டு நவம்பரில் ஆரம்பமாயிற்று. யூரோ நாடுகள் தத்தம் பழைய முறைகளை 2014-ம் ஆண்டு பெப்ரவரியோடு கைவிட வேண்டும் என விதிக்கப்பட்டது. பின்னர் ஆறு மாதத் தவணை சேர்க்கப்பட்டது. இம்முறையிற் பொதுமக்களுக்குள்ள பாதுகாப்பு வலியது. நாம் அனுமதித்த பற்றாயினும், எட்டுக் கிழமைக்குள் காரணம் சொல்லாமலே வங்கியிடம் திருப்பிக் கேட்கலாம். அனுமதியே கொடாத பற்றாயின் பதின்மூன்று மாதம்வரை கேட்கலாம். இழுப்பவர் வழக்கமாகப் பதினான்கு நாள் முன்னதாக அறிவித்தல் வேண்டும். இதனைக் குறைத்துக்கொள்ள இருவரும் உடன்படலாம். முப்பத்தாறு மாதம் பயன்படாத அதிகாரம் தானே காலாவதியாகும். ஆனால் வியாபார நிறுவனங்களுக்கிடையிலான நேரடிப் பற்றுக்கு இந்த எட்டுக் கிழமை உரிமை கிடையாது. கடை நடத்தும் உறவினர்கள் இதைக் கவனித்தல் வேண்டும்.

எட்டுக் கிழமை உரிமையை அறிந்ததும் எம் தமையனாருக்குத் துணிவு வந்துவிட்டது. தொலைபேசிக் கட்டணம் ஒரு மாதம் கூடுதலாக வந்ததென்று சினந்து, நிறுவனத்தோடு ஒரு வார்த்தையும் பேசாமல் அந்தப் பற்றைத் திருப்பிவிட்டார். பணம் அன்றே கணக்குக்குத் திரும்பியது. வெற்றி என வீட்டுக்கும் அறிவித்தார். சில கிழமையின் பின்னர், கடன் அறவிடும் அலுவலகம் ஒன்றிலிருந்து முன்னையதிலும் கடுமையான கடிதம் வந்தது. பிழை எவ்விடத்தில்? பற்றைத் திருப்பும் உரிமை பணத்தைப் பற்றியது, கடனைப் பற்றியதன்று. பணம் திரும்பினாலும், உண்மையிற் செலுத்த வேண்டிய தொகை நின்ற இடத்திலேயே நிற்கின்றது. இதை எம் தந்தையாருக்குச் சொன்னபொழுது அவர் சிரித்தார். "குடுத்த காசை வாங்கலாம், பட்ட கடனை வாங்கேலுமே?" என்றார். சட்டப் புத்தகம் பல பக்கத்திற் சொல்வதை அவர் ஒரு வசனத்திற் சொல்லிவிட்டார்.

இனி, பிரித்தானியா. அங்கே நேரடிப் பற்று 1964-ம் ஆண்டிலே தொடங்கியது. யூனிலீவர் நிறுவனம் தன் வோல்ஸ் ஐஸ்கிறீமை விற்ற வியாபாரிகளிடமிருந்து பணம் சேர்ப்பதற்குக் கண்ட வழியாக அது பிறந்தது என்பர். 1968-ம் ஆண்டில் வங்கிகள் கூடி ஒரு கணினி நிலையத்தை அமைத்தன; அதுவே பின்னர் பாக்ஸ் எனப் பெயர் பெற்றது. இன்றும் சம்பளங்களும் வீட்டுக் கட்டணங்களும் பெருவாரியாக அவ்வழியே செல்கின்றன. எவரும் நினைத்தவுடன் அங்கே இழுப்பவராக முடியாது. ஒரு வங்கி அந்நிறுவனத்தை ஆராய்ந்து ஏற்றுக்கொள்ள வேண்டும். தொகையோ திகதியோ மாறுவதாயின், வழக்கமாகப் பத்து வேலைநாள் முன்னதாக அறிவித்தல் வேண்டும். பிழை நேர்ந்தால் எமது வங்கியே முழுத்தொகையையும் உடனே திருப்பித் தரும். அதற்கு எட்டுக் கிழமை, பத்துக் கிழமை என்னும் எல்லை இல்லை. ஆனால் ஜேர்மனியிற்போலக் காரணமின்றித் திருப்ப முடியாது. பிழை ஒன்று நடந்திருத்தல் வேண்டும். ஓரிடத்திற் காலம் குறுகியது, காரணம் வேண்டாம். மற்றோரிடத்திற் காலம் நீண்டது, காரணம் வேண்டும். வேறுபாட்டைக் காண்க.

பிரித்தானியப் பற்றட்டையின் வரலாறு வேறு. பார்க்ளேய்ஸ் வங்கி 1987-ம் ஆண்டிற் கொனெக்ற் என்னும் அட்டையை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் மற்றைய வங்கிகள் சில கூடி சுவிச் என்னும் அட்டையைக் கொணர்ந்தன. அவற்றுக்கு முன்னர் காசோலையின் பின்புறத்தில் உத்தரவாத அட்டையின் இலக்கத்தை எழுதிக்கொடுக்கும் வழக்கம் இருந்தது. அது 2011-ம் ஆண்டு யூன் மாத இறுதியோடு முடிந்தது. கையொப்பத்தின் இடத்திற் சில்லும் இரகசிய இலக்கமும் 2006-ம் ஆண்டு பெப்ரவரி 14-ந் திகதி முதல் உறுதியாக அமர்ந்தன. அங்கே பற்றட்டை வேறு, நேரடிப் பற்று வேறு. ஜேர்மன் கடையிற்போல அட்டையைக் காட்டி நேரடிப் பற்றுக்குக் கையொப்பம் வாங்கும் வழக்கம் இல்லை.

ஆயினும் அங்கும் ஒரு குழி உண்டு. இலண்டனில் இருக்கும் எமது சின்னம்மா ஓர் உடற்பயிற்சி நிலையத்திற் சேர்ந்தார். மாதச் சந்தாவுக்குத் தம் அட்டையின் பதினாறு இலக்கங்களையும் கொடுத்தார். நிலையத்தை விட்டு விலகிய பின்பும் பணம் போய்க்கொண்டே இருந்தது. நேரடிப் பற்றை நிறுத்தலாமென வங்கிக்குப் போனால், "உங்கள் பெயரில் அப்படியொரு நேரடிப் பற்றே இல்லை" என்றார்கள். அஃது அட்டை இலக்கத்தின் மேல் நிற்கும் தொடர் அதிகாரம். கணக்கு இலக்கத்தைக் கொடுத்தால் நேரடிப் பற்று; அட்டை இலக்கத்தைக் கொடுத்தால் வேறு வகை. முன்சொன்ன உத்தரவாதம் இரண்டாவதற்கு இல்லை. ஆனால் இதையும் நிறுத்தும்படி வங்கிக்கு நேரே கட்டளையிடச் சட்டம் உரிமை தருகின்றது. நிலையத்தாரிடம் போய்க் கேளுங்கள் என வங்கி திருப்பியனுப்புதல் ஆகாது. சின்னம்மா இதை அறிந்து மீண்டும் போய்க் கேட்டார், அன்றே நின்றது.

பிரான்சுக்குச் செல்வோம். அட்டைகளிற் சில்லுப் பதிக்கும் எண்ணத்துக்கு 1974-ம் ஆண்டில் உரிமைப் பத்திரம் பெற்றவர்களுள் முதன்மையானவர் ரோலாண்ட் மொறேனோ என்னும் பிரெஞ்சுக்காரர். 1984-ம் ஆண்டில் அந்நாட்டு வங்கிகள் யாவும் ஒரே அட்டைக் கூட்டமைப்பில் இணைந்தன. 1992-ம் ஆண்டளவில் அங்குள்ள வங்கி அட்டைகள் எல்லாவற்றிலும் சில்லு வந்துவிட்டது. மற்ற நாடுகள் கையொப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. பிரான்சுக்கே உரிய வழக்கம் மற்றொன்றும் உண்டு. அங்கே சிலரது அட்டையிற் கொள்வனவுகள் அன்றன்று கழிக்கப்படுவதில்லை. மாத முடிவில் ஒருமிக்கக் கழிக்கப்படுகின்றன. பயன்படுத்துபவர் அதனைக் கடன் என நினைப்பதில்லை. ஆனால் 2015-ம் ஆண்டின் ஐரோப்பிய விதியின்பின் அத்தகைய அட்டையின் முகத்திற் கொடுகடன் என்றே அச்சிடப்படுகின்றது. காசோலைப் பழக்கமும் அங்கே இன்னும் அற்றுப்போகவில்லை. பணமின்றிக் காசோலை எழுதி, அதனைச் சீர்செய்யாது விட்டவர் ஐந்து ஆண்டுவரை காசோலை எழுதத் தடைசெய்யப்படலாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கதை வேறு. ஒரு மாநிலத்து வங்கி மற்றொரு மாநிலத்திற் கிளை பரப்புவதற்கு 1994-ம் ஆண்டுவரை பெருந்தடைகள் இருந்தமையால், அங்கே ஆயிரக்கணக்கான சிறு வங்கிகள் வளர்ந்தன. அத்தனை வங்கிகளையும் ஒரே முறைக்குள் கொண்டுவருதல் எளிதன்று. காசோலை நெடுங்காலம் ஆட்சி செய்தது. 1972-ம் ஆண்டிற் கலிபோர்னியாவிற் கணினி வழியான தீர்ப்பனவு நிலையம் ஆரம்பமாயிற்று. 1974-ம் ஆண்டில் நாச்சா என்னும் தேசியச் சங்கம் உருவாயிற்று. நேரடிப் பற்று அவ்வழியே செல்கின்றது.

அங்கே பற்றட்டை ஒன்றுக்கே இரண்டு பாதைகள் உண்டு. இரகசிய இலக்கத்தை அழுத்தினால் ஒரு வலையமைப்பு. அவ்விலக்கமின்றிச் செலுத்தினால் பெரும்பாலும் கொடுகடன் அட்டைகள் செல்லும் வலையமைப்பு. இரண்டிலும் பணம் எமது கணக்கிலிருந்தே போகின்றது. இயந்திரத்திற் "கொடுகடன்" என்ற பொத்தானை அழுத்தியதால் கடன் கிடைத்ததென எண்ணி ஏமாந்த புதியவர் பலர். சில்லு அட்டை அங்கே பரவியதும் 2015-ம் ஆண்டையொட்டியே. பிரான்சுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் பிந்தியே.

அமெரிக்கச் சட்டம் காலத்தைக் கடுமையாக எண்ணுகின்றது. 1978-ம் ஆண்டின் மின்னியல் நிதி மாற்றச் சட்டத்தின்படி, அட்டை களவுபோனதை அறிந்து இரண்டு வேலைநாளுக்குள் அறிவித்தால் எமது நட்டம் 50 டொலரைத் தாண்டாது. அதன்பின் அறிவித்தால் 500 டொலர்வரை போகலாம். கணக்குக் கூற்று அனுப்பப்பட்டு அறுபது நாள் கடந்தும் வாளாவிருந்தால், அதன்பின் நிகழும் நட்டத்துக்கு எல்லையே இல்லை. பெரிய அட்டை நிறுவனங்கள் தாமாகவே இதனிலும் கூடிய பாதுகாப்பை வாக்களித்துள்ளன. எனினும் சட்டத்தின் அளவுகோல் இதுவே. ஐரோப்பிய ஒன்றியத்தில் அறிவிக்கும் முன் நேரும் நட்டத்தில் வாடிக்கையாளரின் பங்கு பொதுவாக 50 யூரோவையும், பிரித்தானியாவில் 35 பவுணையும் தாண்டாது. பெருங்கவனயீனமும் மோசடியும் விதிவிலக்கு. தொடர்ந்து வரும் பற்றொன்றை நிறுத்த விரும்பும் அமெரிக்க வாடிக்கையாளர், குறித்த நாளுக்கு மூன்று வேலைநாள் முன்னதாகத் தம் வங்கிக்குச் சொல்ல வேண்டும்.

அட்டையால் வாங்கும்போது கடைக்காரர் தம் பங்காக வங்கிகளுக்குக் கொடுக்கும் கட்டணமும் நாட்டுக்கு நாடு மாறுகின்றது. ஐரோப்பாவில் 2015-ம் ஆண்டின் விதி, பற்றட்டைக்கு வங்கிகளிடையே செல்லும் கட்டணத்தை நூற்றுக்கு 0.2 வீதத்துக்குள் அடக்கியது. அமெரிக்காவில் 2010-ம் ஆண்டின் சட்டத்தை அடுத்து, பெரிய வங்கிகளுக்கு ஏறத்தாழ 21 சதமும் சிறு வீதமும் எனக் கட்டுப்பாடு வந்தது. சிறிய வங்கிகளுக்கு அது பொருந்தாது. இக்கட்டணம் எங்கோ வங்கிகளுக்குள் நிகழ்வது, எமக்கென்ன என நினைத்தல் தவறு. அதனைச் சேமிப்பதற்காகவே எம் தமையனாரிடம் அந்தக் கடை கையொப்பம் வாங்கியது.

கனடாவில் வங்கிகள் 1984-ம் ஆண்டில் இன்ரராக் என்னும் கூட்டமைப்பை நிறுவின. பற்றட்டையாற் கடையிற் செலுத்தும் முறை 1994-ம் ஆண்டளவில் நாடெங்கும் பரவிற்று. முன்னனுமதிப் பற்றுப் பிழையாயின் தனிமனிதர் தொண்ணூறு நாளுக்குள் முறையிடலாம்.

அண்டை நாடாகிய இந்தியா மற்றொரு வழியை எடுத்துள்ளது. அங்கே 2012-ம் ஆண்டில் ரூபே என்னும் உள்நாட்டு அட்டை வந்தது. அட்டையிலிருந்து மாதந்தோறும் கழிக்கும் ஏற்பாட்டுக்கு 2021-ம் ஆண்டு ஒக்டோபர் முதல் புதிய கட்டுப்பாடு உண்டு. இருபத்துநான்கு மணி நேரம் முன்னதாக அறிவித்தல் வேண்டும். குறித்த தொகைக்கு மேற்பட்டால் ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளர் புதிதாகச் சம்மதம் அளித்தல் வேண்டும். அத்தொகை முதலில் 5,000 ரூபாவாக இருந்து, 2022-ம் ஆண்டில் 15,000 ரூபாவாயிற்று. ஐரோப்பா "முதலில் எடுக்கட்டும், பிழையாயிற் திருப்புவோம்" என்கின்றது. இந்தியா "எடுக்குமுன் ஒருமுறை கேள்" என்கின்றது. முன்னது வசதி கூடியது. பின்னது, கணக்குக் கூற்றைப் படிக்கும் பழக்கம் இல்லாதவருக்குக் காவலாவது.

எமது நாட்டிலோ காசோலையும் நிலையியற் கட்டளையுமே நெடுங்காலப் பழக்கம். 2006-ம் ஆண்டிற் காசோலையின் படத்தை அனுப்பித் தீர்க்கும் முறையும், 2015-ம் ஆண்டில் ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்கு அக்கணமே பணம் அனுப்பும் முறையும் வந்தன. இவற்றுட் பின்னையது தள்ளும் வகை; திறப்பு எம் கையிலேயே இருக்கின்றது. ஆகவேதான் எம்மவர் அயல்நாடு சென்றதும், இழுக்கும் வகையைக் கண்டு தடுமாறுகின்றனர். அது அறிவுக் குறைவன்று, பழக்க வேறுபாடு.

இவற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை எவை? சுருக்கமாகச் சொல்வோம்.

முதலாவது, கையொப்பமிடுமுன் இது தள்ளுவதா, இழுப்பதா எனக் கேட்டறிக. கணக்கு இலக்கத்தைக் கொடுக்கின்றோமா, அட்டை இலக்கத்தைக் கொடுக்கின்றோமா என்பதையும் நோக்குக. இரண்டாவது, அதிகாரப் படிவத்தின் பிரதியொன்றை வைத்திருக்க. மூன்றாவது, மாதம் ஒருமுறை கணக்குக் கூற்றை வரிவரியாகப் படிக்க. எட்டுக் கிழமை, அறுபது நாள், தொண்ணூறு நாள் என்னும் உரிமைகள் யாவும் படிப்பவருக்கே உரியவை. படியாதவருக்கு அவை எழுத்தளவில் நிற்கும். நான்காவது, பற்று நாளுக்கு முன் கணக்கிற் போதிய பணம் நிற்கச் செய்க. ஊரிலிருந்து வரும் பணம் தாமதிக்கலாம். பற்று நாள் தாமதிக்காது. ஐந்தாவது, பிழை கண்டால் உடன் முறையிடுக. ஆனால் திருப்பும் உரிமையை, உள்ள கடனிலிருந்து ஓடும் வழியாக்காதிருக்க.

பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. பிள்ளை தொலைபேசியில் இத்தகைய செய்தி சொன்னால், முதலில் அவனைக் குற்றவாளி ஆக்காதீர்கள். எம் தந்தையார் தமையனாரை ஏசவில்லை; ஆனால் "ஊதாரித்தனமாய்ச் செலவழிச்சியோ?" என்று ஒருமுறை கேட்டுவிட்டார். அக்கேள்வி தம்மைக் கடிதத்திலும் கூடுதலாகச் சுட்டதென்று தமையனார் பின்னர் எமக்குச் சொன்னார். அவர் ஒரு போர்வையே வாங்கியிருந்தார். உண்மை விளங்கியபின் தந்தையார் அடுத்த கிழமையே பணம் அனுப்பி, "போர்வை நல்ல தடிப்போ தம்பி?" என்று கேட்டார். அவர் கேட்ட மன்னிப்பு அதுவே.

சபையோரே! பற்று என்பது பிடித்திருத்தல். நேரடிப் பற்றிலும் ஒருவர் எமது பொருளைப் பிடித்திருக்க நாமே இடங்கொடுக்கின்றோம். எவருக்கு, எவ்வளவுக்கு, எத்தனை நாளைக்கு என்று அறிந்து கொடுத்தால் அது வசதி. அறியாது கொடுத்தால் அது தளை. வேண்டாத பற்றை வேண்டிய காலத்தில் அறுக்கத் தெரிந்திருத்தல் நல்லது என்ற அளவில், காரியதரிசி அவர்கள் எழுதத் தொடங்கிய அறிவித்தலும் முற்றாகப் பொய்யாகவில்லை என்று கருதுகின்றோம்.